சொகுசு ஆஃப்ரோடு வண்டி: ஆப்ஷனையும் நீட்டிப்பு வாரண்டியையும் சேர்த்து முடிவு செய்வது எப்படி

டீலரிடம் போய் உட்கார்ந்தால் இரண்டு காகிதங்கள் வரும். ஒன்று ஆப்ஷன் பட்டியல். பளபளப்பான படங்களோடு, முதல் பத்து நிமிடத்திலேயே கைக்கு வந்துவிடும். இன்னொன்று நீட்டிப்பு வாரண்டி ஒப்பந்தம். எல்லாம் பேசி முடித்த பிறகு, கையெழுத்துப் போடும் நேரத்தில், “இதையும் சேர்த்துடலாமா சார்?” என்ற ஒற்றை வரியோடு வரும்.

நான் சர்வீஸ் சென்டரில் வாரண்டி கிளைம் எழுதும் மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன். அங்கிருந்து பார்த்தால் இந்த இரண்டும் தனித்தனிக் காகிதங்கள் இல்லை. இன்று நீங்கள் டிக் போடும் ஒவ்வொரு ஆப்ஷனும் ஐந்தாறு வருடம் கழித்து ஒரு கிளைமாக வரக்கூடிய பொருள். அது பாஸ் ஆகுமா, திரும்பி வருமா என்பது நீங்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்ட பக்கத்தில் ஏற்கெனவே எழுதியிருக்கும். அதனால் ஆப்ஷன் பட்டியல் கைக்கு வரும்போதே வாரண்டி ஒப்பந்தத்தின் முழுப் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். மடித்த விளம்பரத் தாள் வேண்டாம், முழு ஒப்பந்தம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

வண்டி எங்கே போகப்போகிறது?

போக ஆசைப்படும் இடங்களை விட்டுவிடுங்கள். போன வருடம் நிஜமாகவே எங்கெல்லாம் ஓட்டினீர்கள் என்று எழுதிப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்குத் தார்ச்சாலை, கொஞ்சம் மண்சாலை, மழை வந்தால் சேறு, எப்போதாவது ஒரு மலைப்பாதை, அவ்வளவுதான் தேறும். இரண்டாவது வகையினர் படகோ கேரவனோ இழுப்பவர்கள். மூன்றாவது வகையினர் பாறை ஏறுவார்கள், ஆறு கடப்பார்கள், மணல்மேட்டில் டயர் காற்றைக் குறைத்துக்கொண்டு ஓட்டுவார்கள்.

நீங்கள் எந்த வகை என்று தெரியாமல் டிக் போட்டால் ஆப்ஷன்கள் ஒன்றோடொன்று சண்டை போடும். பின்பக்க டிஃப் லாக்கும் (இரண்டு பின்சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டுவது) வேண்டும், பார்வைக்கு 22 இஞ்ச் ரிம்மும் வேண்டும் என்று ஆர்டர் கொடுத்த வண்டிகளை நிறையவே பார்த்திருக்கிறேன். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் கதைதான். லாக் போட்டுக்கொண்டு ஏற வேண்டிய பாறையில் அந்த ரிம் தாங்காது. ரிம் தாங்குகிற சாலையில் லாக்குக்கு வேலையே இல்லை.

ரிம்மும் டயரும்

என்னைக் கேட்டால் ஆப்ஷன் பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஆஃப்ரோடில் வண்டியின் நடத்தையை இந்த அளவுக்கு மாற்றும் ஆப்ஷன் வேறு எதுவும் இல்லை. ஆனால் எல்லோரும் இதை அழகு சமாச்சாரமாக நினைத்து ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள்.

லேண்ட் ரோவர் டிஃபென்டருக்கு வரும் டயர் அளவுகளையே எடுத்துக்கொள்வோம். 255/70 R18 என்றால் டயரின் அகலம் 255 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 70 சதவீதம். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 178 மில்லிமீட்டர். 255/60 R20 என்றால் 153. 275/45 R22 என்றால் 124 கூட முழுசாக வராது. வெளி விட்டம் மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆகவே பெரிய ரிம் போட்டதால் வண்டி உயர்ந்துவிடாது. ரப்பர் இருந்த இடத்தில் உலோகம் வந்து உட்கார்கிறது, அவ்வளவுதான். 18-க்கும் 22-க்கும் நடுவே கல்லுக்கும் ரிம்முக்கும் இடையில் இருந்த 54 மில்லிமீட்டர் மெத்தை காணாமல் போகிறது.

மணலில் காற்றைக் குறைத்தால் டயர் தரையில் நீளமாகப் படிய வேண்டும். அதற்கு வளைந்து கொடுக்கப் பக்கச் சுவர் வேண்டும். 22 இஞ்சில் அந்த இடம் இல்லை. குழியில் இறங்கும்போது பக்கச் சுவர் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கிக் கிழியும், ரிம் விளிம்பும் வளையும். இது இரண்டும் வாரண்டியில் வராது. மோதிய சேதம் எந்த ஒப்பந்தத்திலும் விலக்குதான், டயர் தேயும் பொருள். தொழிற்சாலைகளுக்கும் இது தெரியாமல் இல்லை. லெக்ஸஸ் ஜிஎக்ஸ் 550-இன் ஓவர்ட்ரெயில் ரகம் ஆஃப்ரோடுக்கு என்றே செய்தது. அதில் அவர்கள் போட்டிருப்பது 18 இஞ்ச் ரிம்மும் 33 இஞ்ச் டயரும்தான்.

ஒரு சிக்கல் உண்டு. பெரிய எஞ்சின் எடுத்தால் பிரேக் டிஸ்க்கும் பெரிதாக வரும், சிறிய ரிம் அதன் மேல் ஏறாமல் போகலாம். “நான் எடுக்கும் எஞ்சினுக்குப் பொருந்தும் மிகச் சிறிய ரிம் எது?” என்று எஞ்சினை முடிவு செய்வதற்கு முன்பே கேளுங்கள். ஊரில் ஓட்ட 22 அழகாக இருக்கிறது என்றால், சின்ன ரிம்மோடு வண்டியை எடுத்துக்கொண்டு பெரிய செட் ஒன்றைப் பிறகு வாங்கலாம்.

அப்புறம் ஸ்டெப்னி. முழு அளவு ஸ்டெப்னிதான் வேண்டும், இதில் பேச்சுக்கே இடமில்லை. நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும் வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் சிறிய விட்டத்தில் சுற்றினால் முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் சென்டர் டிஃப்பரென்ஷியல் ஓய்வே இல்லாமல் வேலை செய்யும். சூடாகும். சில மாடல்களில் மூன்றாவது வரிசை சீட்டோ ஹைப்ரிட் பேட்டரியோ ஸ்டெப்னியின் இடத்தை விழுங்கிவிட்டு, பஞ்சர் கிட் ஒன்றைக் கையில் கொடுக்கும். கிழிந்த பக்கச் சுவருக்கு முன்னால் அந்தக் கிட் வெறும் அலங்காரம். ஆப்ஷன் பட்டியலின் அடிக்குறிப்பில்தான் இது சின்ன எழுத்தில் இருக்கும்.

பின்னால் போட முடியாதது எது?

சுலபமான சோதனை ஒன்று இருக்கிறது. வண்டியின் வயரிங்கிலோ கம்ப்யூட்டரிலோ கியர் பெட்டிக்குள்ளோ போய்ச் சேரும் பொருள் என்றால் தொழிற்சாலையிலேயே வாங்குங்கள். போல்ட் போட்டு மாட்டுவதாக இருந்தால் அவசரமில்லை.

டிஃப் லாக், லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவையோடு போகும் கியர்) உள்ள டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியை அனுப்பும் பெட்டி), ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை), சுற்றுக் கேமரா, சூடாகும் முன்கண்ணாடி, காற்றோட்ட சீட் இவையெல்லாம் முதல் வகை. டிரெய்லரை மாட்டி இழுக்கும் டோ பார் பார்வைக்கு இரும்புத் துண்டு மாதிரி இருக்கும். ஆனால் அதன் பின்னால் டிரெய்லர் விளக்குக்கு வயரிங், டிரெய்லர் ஆடினால் பிரேக் போடும் மென்பொருள், சில வண்டிகளில் கூடுதல் கூலிங் வரை உண்டு. இழுக்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் தொழிற்சாலையிலேயே டிக் போட்டுவிடுங்கள். பின்னால் மாட்டினால் வண்டியின் கம்ப்யூட்டருக்கு அதை அறிமுகப்படுத்தும் கோடிங் செய்யவே தனிக் கூலி ஆகும், மாட்டியவர் சரியாகச் செய்யாவிட்டால் மின் கோளாறு கிளைம் எல்லாம் அவர் தலையில்தான் விழும், வாரண்டியில் இல்லை.

ரப்பர் மேட், மட் ஃபிளாப், ரூஃப் ரேக், ஸ்கிட் பிளேட் (வண்டியின் அடிப்பாகத்தைக் காக்கும் தகடு), பெயிண்ட் பாதுகாப்பு ஃபிலிம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: டெலிவரிக்கு முன்பே டீலர் மாட்டும் கம்பெனி துணைப் பொருளுக்கு எவ்வளவு வாரண்டி, டெலிவரிக்குப் பிறகு மாட்டினால் எவ்வளவு? பல கம்பெனிகளில் முன்பே மாட்டினால் வண்டியின் வாரண்டிக் காலம் முழுவதும் அதற்கும் கிடைக்கும். ரூஃப் ரேக்குக்கு இது பெரிய விஷயமில்லை. வின்ச்சுக்கும் (சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் மோட்டார்) கூடுதல் விளக்குக்கும் பெரிய விஷயம்.

டிஃப் லாக்கைப் பொறுத்தவரை, பாறையிலோ குறுக்குப் பள்ளத்திலோ ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதுதான் அதன் அருமை தெரியும். இரண்டாவது, மூன்றாவது வகை ஆட்கள் பின்பக்க லாக்கை எடுங்கள். முதல் வகைக்கு பிரேக் மூலம் வேலை செய்யும் டிராக்ஷன் கன்ட்ரோலே போதும். சுற்றுக் கேமராவை எல்லா வகையினரும் எடுக்கலாம். பானெட்டுக்கு அடியில் இருக்கும் கல்லைத் திரையில் காட்டும் கேமரா, இறங்கிப் பார்க்க ஆள் இல்லாத இடத்தில் ஆளுக்குச் சமம்.

சைடு ஸ்டெப் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் தேவைதான். நிலையான ஸ்டெப் வண்டியின் வயிற்றுப் பகுதியில் இடைவெளியைத் தின்னும். டிஃபென்டர் 110 ஏர் சஸ்பென்ஷனில் உயர்ந்து நிற்கும்போது முன் ஏறு கோணம் 38 டிகிரி, பின் இறங்கு கோணம் 40, நடு வயிற்றுக் கோணம் (வயிறு தட்டாமல் மேட்டைத் தாண்டும் கோணம்) 28. மூன்றில் சிறியது எது என்று பாருங்கள். ஸ்டெப் போய் உட்காருவது அந்த 28-இல்தான். மின்சாரத்தில் மடங்கும் ஸ்டெப் என்றால் இந்தத் தொல்லை குறையும், ஆனால் அதன் மோட்டாரும் கீலும் சேற்றுக்கு நேர் எதிரில் இருக்கின்றன. எடுத்தால் அவை வாரண்டியில் பெயர் சொல்லி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

பெரிய கண்ணாடிக் கூரை வேண்டாம் என்று நான் சொன்னால் யாரும் கேட்பதில்லை. வீட்டில் குழந்தைகள் ஓட்டுப் போட்டு ஜெயித்துவிடுகிறார்கள். சரி, எடுங்கள். ஆனால் மழைநீர் வடியும் குழாய்கள் நான்கு மூலைகளிலும் இருக்கும், தூசியும் இலையும் அடைத்தால் தண்ணீர் கேபினுக்குள் இறங்கும். அடைப்பினால் வந்த கசிவைப் பராமரிப்புக் குறை என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் அந்தக் குழாய்களைச் சுத்தம் செய்யச் சொல்லி ஜாப் கார்டில் எழுத வையுங்கள்.

பளபளப்பில்லாத மேட் பெயிண்ட் எடுக்க வேண்டாம். புதர்க் கீறலை பாலிஷ் போட்டு எடுக்க முடியாது, போட்டால் அந்த இடம் மட்டும் மினுங்கும். மியூசிக் சிஸ்டம் உங்கள் காது, உங்கள் இஷ்டம்.

ஏர் சஸ்பென்ஷன்: எடுப்பதா, வேண்டாமா?

இதில் கொஞ்சம் நேரம் செலவழிக்கலாம், ஏனென்றால் ஆப்ஷனும் வாரண்டியும் நேராக மோதிக்கொள்ளும் இடம் இதுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். டிஃபென்டரில் இது வண்டியைச் சாதாரண உயரத்திலிருந்து 75 மில்லிமீட்டர் தூக்கும். மிகக் கடினமான இடத்தில் இன்னும் 70 கூடும். தண்ணீரில் 900 மில்லிமீட்டர் ஆழம் வரை இறங்கலாம் என்று கம்பெனி சொல்வதும் இந்த உயரத்தை நம்பித்தான். நீங்கள் ஏறி இறங்கும்போது வண்டி தாழும், சுமை ஏற்றினாலும் பின்பக்கம் உட்காராது. இழுப்பவர்களுக்கு அந்தக் கடைசி விஷயம் ஒன்றுக்காகவே எடுக்கலாம்.

அதே சமயம் சாதாரணச் சுருள் ஸ்பிரிங்கான காயில் ஸ்பிரிங் என்பது ஏழை ஆப்ஷன் என்று நினைக்க வேண்டாம். 1979-இலிருந்து வந்துகொண்டிருக்கும் மெர்சிடிஸ் ஜி-கிளாஸ் இன்றும் காயில் ஸ்பிரிங்கில்தான் நிற்கிறது. மூன்று டிஃப் லாக்கை வைத்துக்கொண்டு அது போகாத இடம் குறைவு.

இப்போது கிளைம் மேசையிலிருந்து ஒரு காட்சி. வாரண்டி நீட்டிப்பில் இருந்த வண்டி ஒன்று. காலையில் பார்த்தால் முன் இடது மூலை மட்டும் கீழே உட்கார்ந்திருக்கும், எஞ்சினைப் போட்டால் மெல்ல எழுந்துவிடும். எழுந்துவிடுகிறதே என்று உரிமையாளர் சில மாதம் ஓட்டிவிட்டார். பிறகு ஒரு நாள் எழவில்லை. ஜாக்கியில் தூக்கி, ரப்பர் காற்றுப் பையின் மேல் சோப்புத் தண்ணீர் தெளித்தோம். பையின் கீழ் மடிப்பில், ரப்பர் உருண்டு மடங்கும் கோட்டில், பொடிப் பொடியாக நுரை கிளம்பியது. மயிரிழை வெடிப்புதான். அந்தக் கசிவை ஈடுகட்ட கம்ப்ரஸர் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டே இருந்து கடைசியில் கருகிவிட்டது.

ஒப்பந்தத்தில் கம்ப்ரஸர் பெயர் சொல்லி இருந்தது. காற்றுப் பை “ரப்பர் பாகங்கள், தேய்மானம்” என்ற விலக்கில் போய்விட்டது. சரி, கம்ப்ரஸராவது வருமே என்று எழுதி அனுப்பினேன். “ஒப்பந்தத்தில் அடங்காத பாகம் பழுதானதால் விளைந்த சேதம்” என்று திரும்பி வந்தது. எழுதியிருந்தபடி பார்த்தால் அவர்கள் சொன்னது சரிதான். வாங்கிய அன்று அந்த இரண்டு வரிகளையும் சேர்த்து யாரும் படிக்கவில்லை.

ஆகவே ஏர் சஸ்பென்ஷன் எடுத்தால் ஐந்து பாகங்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: காற்றுப் பை, கம்ப்ரஸர், வால்வு பிளாக் (ஒவ்வொரு பைக்கும் காற்றைப் பிரித்து அனுப்புவது), காற்றுத் தொட்டி, உயர சென்சார். ஐந்துக்கும் “உண்டு” என்று எழுத்தில் வந்தால் தைரியமாக எடுக்கலாம். வராவிட்டால், வாரண்டி முடிந்த பிறகும் வண்டியை வைத்திருக்கப் போகிற முதல் வகை ஆட்களுக்குக் காயில் ஸ்பிரிங்தான் என் சிபாரிசு.

எடைக் கணக்கு

ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் எடை உண்டு. வண்டி தூக்கக்கூடிய சுமையிலிருந்து அது கழிந்துகொண்டே வரும். ஓர் உதாரணம்: சுமை வரம்பு 700 கிலோ என்று வையுங்கள். ஐந்து பெரியவர்கள் 375. ரூஃப் ரேக்கும் அதன் மேல் டென்ட்டும் 90. வின்ச்சும் ஸ்கிட் பிளேட்டும் 100. தண்ணீர், பெட்டி, சாமான் 80. டிரெய்லர் மாட்டினால் அதன் கொக்கி அழுத்தம் 120. கூட்டினால் 765. காகிதத்தில் எல்லாம் நியாயமான ஆப்ஷன்கள்தான், ஆனால் வண்டி வரம்பைத் தாண்டிவிட்டது. அதிகச் சுமை என்பது வாரண்டி விலக்குகளில் நிச்சயம் இருக்கும் ஒரு வரி.

கூரைக்குத் தனி வரம்பு உண்டு, அதிலும் ஓடும்போது ஒன்று, நிற்கும்போது ஒன்று. டிஃபென்டருக்கு ஓடும்போது 168 கிலோ, நிற்கும்போது 300. டென்ட்டுக்குள் இரண்டு பேர் படுக்கலாம் என்பது நிற்கும் கணக்கு. அந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் கூரையில் சாமான் கட்டிக்கொண்டு கிளம்பக் கூடாது.

ஒப்பந்தத்தைப் பின்னாலிருந்து படியுங்கள்

நீட்டிப்பு வாரண்டியில் இரண்டு சாதிகள் உண்டு. ஒன்று, எதெல்லாம் அடங்கும் என்று பாகங்களைப் பட்டியல் போடும். பட்டியலில் இல்லாதது இல்லை. இன்னொன்று, எதெல்லாம் அடங்காது என்று பட்டியல் போடும். அதில் இல்லாத எல்லாம் உண்டு. சொகுசு வண்டிக்கு இரண்டாவதுதான் வேண்டும். எஞ்சின், கியர் பெட்டி, டிஃப்பரென்ஷியல் மட்டும் அடங்கும் மலிவுத் திட்டத்தைக் காட்டி, பெரிய செலவெல்லாம் இதில் வந்துவிடும் என்பார்கள். என் மேசைக்கு வந்தவற்றில் எஞ்சின் குறைவு. திரை, கேமரா, கன்ட்ரோல் மாட்யூல், சீட் மோட்டார், கதவு லாக், சஸ்பென்ஷன், இவைதான் அதிகம்.

முதல் பக்கத்தை விட்டுவிட்டு நேராக விலக்குகளுக்குப் போங்கள். பேனாவோடு உட்கார்ந்து இவற்றைத் தேடுங்கள்: தேய்மானம், ரப்பர் மற்றும் சீல், விளைவுச் சேதம், நீர் புகுதல், சாலையல்லாத இடத்தில் ஓட்டுதல், போட்டி, மாற்றியமைத்தல், மென்பொருள், கேமரா அளவீடு (கேமராவை மறுபடி துல்லியமாகச் சரிப்படுத்துவது), பழுது கண்டறியும் கூலி. கடைசியாகச் சொன்னதைப் பலர் கவனிப்பதில்லை. பழுது எது என்று கண்டுபிடிக்கவே மணிக்கணக்கில் வேலை பிடிக்கும் வண்டிகள் இவை. பாகம் இலவசம், ஆனால் தேடிய கூலி உங்களுடையது என்றால் பில் பார்த்து மயக்கம் வரும்.

பிறகு வரம்புகள். ஒரு கிளைமுக்கு உச்ச வரம்பு எவ்வளவு, மொத்தத்துக்கு எவ்வளவு, ஒவ்வொரு தடவையும் நீங்கள் கட்ட வேண்டிய பங்கு எவ்வளவு, அந்தப் பங்கு ஒரு வருகைக்கா ஒரு பாகத்துக்கா? மணிக்கூலிக்கு வரம்பு இருக்கிறதா? சொகுசு வண்டி சர்வீஸ் சென்டரின் மணிக்கூலி அந்த வரம்பைத் தாண்டினால் வித்தியாசம் உங்கள் பாக்கெட்டிலிருந்துதான். பழைய பாகத்துக்குப் பதில் புதிதாகப் போட்டதற்கு ஒரு பங்கு கழிப்பார்களா என்றும் பாருங்கள்.

யார் பணம் தருகிறார்கள் என்பதும் முக்கியம். வண்டிக் கம்பெனியே கொடுக்கும் நீட்டிப்பு என்றால் அவர்களுடைய எந்த சர்வீஸ் சென்டரிலும் பேச்சில்லாமல் நடக்கும். வெளிக் கம்பெனி என்றால், முதலில் நீங்கள் கட்டிவிட்டுப் பின்னால் வாங்கிக்கொள்ள வேண்டுமா, வேலை தொடங்குமுன் அனுமதி வாங்க வேண்டுமா என்று கேளுங்கள். அனுமதி வரும் முன் மெக்கானிக் ஒரு போல்ட்டைக் கழற்றினாலும் கிளைம் போய்விடும் ஒப்பந்தங்கள் இருக்கின்றன.

தொடக்கத் தேதியையும் பாருங்கள். ‘5 வருட’ நீட்டிப்பு என்பது கம்பெனி வாரண்டி முடிந்த நாளிலிருந்தா, இன்றிலிருந்தா? இன்றிலிருந்து என்றால், முதல் 3 வருடம் கம்பெனி வாரண்டி ஏற்கெனவே இருக்கும் பட்சத்தில், நீங்கள் வாங்குவது 2 வருடம்தான். கிலோமீட்டர் வரம்பையும் உங்கள் ஓட்டத்தால் வகுத்துப் பாருங்கள். வருடத்துக்கு 30,000 ஓட்டுபவருக்கு 1,00,000 வரம்பு 40 மாதத்தில் தீர்ந்துவிடும்.

ஆஃப்ரோடு வண்டிக்கே உரிய வில்லங்கம்

ஆஃப்ரோடு ஓட்டத்தான் வண்டியை விற்கிறார்கள். ஆனால் நீட்டிப்பு ஒப்பந்தத்தில் “சாலையல்லாத இடத்தில் ஓட்டியதால் வந்த சேதம்” விலக்கு என்று இருக்கக்கூடும், வெளிக் கம்பெனி ஒப்பந்தங்களில் குறிப்பாக. சேல்ஸ்மேன் “அதெல்லாம் ரேஸுக்குத்தான் சார்” என்பார். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் கிளைமை முடிவு செய்வது அவர் இல்லை. இப்படி ஒரு மெயில் அனுப்புங்கள்:

“நான் ஆர்டர் செய்திருக்கும் வண்டியை, கையேட்டில் சொன்ன நீர் ஆழத்துக்கும் சுமைக்கும் உட்பட்டு, மண் பாதையிலும் மணலிலும் ஆற்றுக் கடவிலும் ஓட்டுவேன். அப்படி ஓட்டும்போது டிஃப்பரென்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ், சஸ்பென்ஷன், கேமரா, சென்சார் ஆகியவற்றில் வரும் பழுது இந்த ஒப்பந்தத்தில் அடங்குமா? ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்று பதில் தரவும்.”

ஒப்பந்தம் தரும் கம்பெனியின் பதில் வேண்டும், டீலர் பதில் போதாது. பதிலே வரவில்லை என்றால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

நீர் ஆழம் வண்டிக்கு வண்டி மாறும். ஜி-கிளாஸ் பெட்ரோல், டீசல் வண்டிக்கு 700 மில்லிமீட்டர், அதே ஜி-கிளாஸின் மின்சார வண்டி ஜி 580-க்கு 850. உங்கள் வண்டியின் எண்ணை டேஷ்போர்டில் ஒட்டி வைத்தாலும் தப்பில்லை. ஆழமான நீரைக் கடந்து வந்தால் டிஃப்பரென்ஷியல் ஆயிலைப் பார்க்கச் சொல்லுங்கள். டிரெயின் பிளக்கைத் திறந்ததும் ஆயில் தேன் நிறத்தில் தெளிவாக வழிந்தால் கவலையில்லை. பால் கலந்தது போல வெளுத்து வந்தால் தண்ணீர் போயிருக்கிறது, அன்றே மாற்ற வேண்டும். மாற்றாமல் ஓட்டி பேரிங் போனால் கிளைம் நிற்காது.

கையேட்டில் கடுமையான பயன்பாட்டுக்கு என்று தனி சர்வீஸ் அட்டவணை இருக்கும். தூசி, மணல், நீர், அடிக்கடி இழுப்பது எல்லாம் அதில் வரும். நீங்கள் அப்படி ஓட்டிவிட்டுச் சாதாரண அட்டவணைப்படி சர்வீஸ் செய்தால், கிளைமை நிராகரிக்க நீங்களே காரணம் எழுதிக் கொடுத்த மாதிரி. வெளியே ஆயில் மாற்றினால் பில்லில் ஆயிலின் தரக் குறியீடும் ஓடிய கிலோமீட்டரும் இருக்கட்டும்.

வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட், அளவு கூடிய டயர் போடும் ஆசை இருந்தால், நீட்டிப்பு வாங்கும் முன்பே சொல்லிக் கேளுங்கள். கம்பெனி பட்டியலில் இருக்கும் டயர் அளவைத் தாண்டினால் டிரைவ் ஷாஃப்ட்டிலிருந்து வீல் பேரிங் வரை எந்தக் கிளைமிலும் முதல் கேள்வி அதைப் பற்றித்தான் வரும்.

வாங்கலாமா?

மூன்று வருடத்தில் மாற்றிவிடுபவர்களுக்கும் லீஸில் எடுப்பவர்களுக்கும் நீட்டிப்பு தேவையில்லை, கம்பெனி வாரண்டியே அவர்கள் காலத்தை மூடிவிடும். ஏழெட்டு வருடம் வைத்திருப்பவர், ஏர் சஸ்பென்ஷன், மேட்ரிக்ஸ் ஹெட்லைட், மசாஜ் சீட் என்று எல்லாவற்றையும் டிக் போட்டவர் என்றால் கம்பெனியின் முழு நீட்டிப்பையே எடுங்கள். காயில் ஸ்பிரிங், குறைந்த ஆப்ஷன், நம்பகமான எஞ்சின் என்று எடுத்தவர் அந்தப் பணத்தைத் தனியாக வங்கியில் போட்டு வைப்பதும் நியாயமான முடிவுதான்.

எது செய்தாலும் கையெழுத்துப் போடும் மேசையில் முடிவெடுக்க வேண்டியதில்லை. பெரும்பாலான கம்பெனிகள் முதல் வாரண்டி முடியும் வரை நீட்டிப்பை விற்கும். வயது கூடக் கூட விலை ஏறலாம், எந்தத் தேதிக்குப் பிறகு ஏறும் என்று கேட்டு வைத்துக்கொண்டால் போதும். வண்டிக் கடனோடு சேர்த்துவிடுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மாதத் தவணையில் கொஞ்சம்தான் கூடுவது போலத் தெரியும், ஆனால் வாரண்டிக்கும் சேர்த்து வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். வண்டியை இடையில் விற்றால் நீட்டிப்பு அடுத்தவர் பெயருக்கு மாறுமா, ரத்து செய்தால் மீதிக் காலத்துக்குப் பணம் திரும்புமா என்பதையும் அப்போதே எழுதி வாங்குங்கள்.

டெலிவரி நாளும் அதற்குப் பிறகும்

ஆர்டர் பூட்டப்படும் தேதி வரை ஆப்ஷனை மாற்றலாம். அந்தத் தேதியைக் கேட்டு வாங்கி, அதற்கு முந்தைய நாள் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். டெலிவரியின்போது அந்தப் பட்டியலோடு போங்கள், மாலை மரியாதை போட்டோ எல்லாம் அப்புறம். சஸ்பென்ஷனை ஒவ்வொரு உயரத்துக்கும் ஏற்றி இறக்குங்கள். லோ ரேஞ்சில் போட்டுப் பத்தடி நகர்த்துங்கள். டிஃப் லாக் விளக்கு எரிகிறதா பாருங்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2325 என்றால் 2025-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம் செய்தது. ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயரிலும் படியுங்கள். வாரண்டித் தொடக்கத் தேதி உங்கள் டெலிவரி தேதிதானா என்று சரிபாருங்கள். ஷோரூமில் டெமோ வண்டியாக ஓடியிருந்தால் அந்தக் கடிகாரம் முன்பே ஓடத் தொடங்கியிருக்கும்.

வாரண்டி முடிவதற்கு இரண்டு மாதம் முன்பு வண்டியை ஒரு முழுச் சோதனைக்கு விடுங்கள். கதவின் லேசான சத்தம், எப்போதாவது தடுமாறும் கேமரா, காலையில் அரை இஞ்ச் தாழ்ந்து நிற்கும் மூலை என எதையும் சின்ன விஷயம் என்று விடாமல் ஜாப் கார்டில் எழுத வைத்து, பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். தேதிக்குள் பதிவான புகாரைப் பின்னால் வாதாடலாம். வாயால் சொன்னதை வைத்து நான் ஒரு கிளைமும் எழுதியதில்லை.